எழுவாய் இல்லாத வாக்கியம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் சிறை முத்திரையோடு வந்து சேர்ந்தது. சளி விட்டதா? கம்பளி கொடுத்திருக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார். எனக்கு உடைந்த பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது சோறு மெல்ல முடிகிறது.

அம்மாவுக்குப் போனில் ஒரே பேச்சுதான். "எப்படியாவது அவனை வெளிய கொண்டு வந்துடு. நீதான் காலேஜ்ல இங்கிலீஷ் எழுதக் கத்துக்கிறியே" என்கிறாள். நீயும் அதையே கேட்டிருக்கிறாய். தண்டனையைச் சொல்லுமுன் இந்த நாட்டு நீதிபதி குடும்பத்தார் எழுதுவதைப் படிப்பாராம். "கை பட்டுடுச்சு, கண்ணு போயிடுச்சு. இதை நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடு அக்கா, வருஷம் குறையும்" என்று எழுதியிருந்தாய்.

எழுதினேன். நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் வைத்து, வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஆசிரியை 'கை'க்கு முன்னால் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே, யாருடைய கை என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஒரு பஸ் டிரைவர் உட்காருவார். "கை மட்டும் தனியா கிளம்பி வந்துச்சா? கண்ணு எங்க போச்சு, கடைக்கா?" என்றார். வகுப்பே சிரித்தது. அவருக்கு விஷயம் தெரியாது. நான் நாக்கால் பல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் பேச்சில் இது எவ்வளவு சுலபம் பார். 'அடிச்சேன்' என்றால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறான். 'பட்டுடுச்சு' என்றால் தலையிலும் ஆள் இல்லை, வாலிலும் ஆள் இல்லை.

அடுத்த பாடம் செயப்பாட்டு வினை. எனக்கு உயிர் வந்தது. 'அவர் தாக்கப்பட்டார். அவருடைய இடது கண் பறிக்கப்பட்டது' என்று திருத்தி எழுதினேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. பிழையே இல்லை என்று ஆசிரியை பாராட்டினார். உறையில் போட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன் சோடாபுட்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னோடு ஒரே அறையில் படுத்த ஆள், நம் சலவைக்கூடத்தில் எனக்கு எதிர் மேசை. பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாதி முகத்துக்குக் கட்டு. காதிலிருந்து கழுத்து வரைக்கும் தோல் உரிந்து சிவப்பாக இருக்கிறது. களிம்பு தடவ நர்ஸ் வந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவள் போன பிறகு, "இனிமே எனக்குக் கண்ணாடி பாதி விலைதான் அக்கா" என்றார். அவரால் சும்மா இருக்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே.

கையில் என்ன என்று கேட்டார். மறைக்கவில்லை. படித்துத் தமிழிலும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அடிவாங்குனவன் நான் மட்டும் தனியா நிக்கிறேனே. உங்க தம்பி எங்க போனான்? போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டானா?" என்றார்.

அன்று உன்னைச் செய்த அதே கேலிதான். அவர் சிரிக்கவில்லை.

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். என் தம்பி சீக்கிரம் கிளம்பும்போது மேஸ்திரியிடம் ஆங்கிலத்தில் 'போய்விட்டு வருகிறேன்' என்றான். திரும்பி வருவான் என்று நம்பி மேஸ்திரி காத்திருந்தார். மறுநாள் என் எதிர் மேசைக்காரர், "உனக்காக மேஸ்திரி இன்னும் வாசல்லயே உட்கார்ந்திருக்காருடா" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தோம். என் தம்பி சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். என் தம்பி அதன் முனையால் அவர் கண்ணில் அடித்தான். கண்ணாடி உடைந்து உள்ளே இறங்கியது. அவர் விழுந்தார். என் தம்பி குனிந்து, பெட்டியை அவர் கழுத்தில் வைத்து அழுத்தினான். தோல் கருகும் வாசனை வந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் தம்பி திரும்பி முழங்கையால் என் வாயில் இடித்தான். பிறகு என் தம்பி, கீழே கிடந்தவரின் வயிற்றில் நான்கு பேர் பிடிக்கும் வரை உதைத்தான்.

என் தம்பி இதற்கு முன் யார் மேலும் கை நீட்டியதில்லை என்றும் எழுதினேன். அதுவும் உண்மை. கருணை காட்டுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியையிடம் காட்டவில்லை. பிழைகள் இருக்கும். அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். நீயும் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பாய். இருக்கட்டும். சோப்பும் உள்பனியனும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

தண்டனை சொல்லும் அன்று நீதிபதி உன்னைப் பேசச் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் வருவார். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியேதான் அவர் சொல்வார், ஒரு வார்த்தை கூட்டிச் சேர்க்க மாட்டார். சோடாபுட்டியும் வருகிறார், முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருவார். பேச எழுந்திருக்கும்போது அவருக்கு வலது பக்கமாக வந்து நில்லுடா. அந்தப் பக்கம்தான் அவருக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா