நீலக் கயிறு கட்டின இடம்

அப்பாவுக்கு,

நான்தான். கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி மாட்டுக் கதையை மட்டும் படிச்சிடுங்க. ஃபோன்ல என் குரலைக் கேட்டாலே அம்மாகிட்ட குடுத்துடுறீங்க, அதான் கடுதாசி. நல்லா இருக்கேன், மூணு வேளையும் சாப்பிடுறேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? மாடி ஏறாதீங்கன்னா கேக்கமாட்டீங்க.

காலேஜை விட்டுட்டு இந்த மாட்டுப் பண்ணைக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு. முப்பத்திரண்டு மாடு. மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி இருக்கிற கம்பி வேலியைப் பாத்துக்கிறதுதான் என் வேலை. இங்க ஒரு சிவப்பு மாடு இருக்கு, பேரு ஓடுகாலி. நீங்க எனக்கு வெச்ச அதே பேரு. முதல் நாள் கேட்டப்ப சிரிப்பை அடக்க முடியல.

வாரத்துக்கு ரெண்டு தடவை வேலியை உடைச்சிட்டுப் போயிடும். தனியாப் போனாலும் பரவாயில்ல, பத்து மாட்டைச் சேத்துக்கிட்டு ரோட்டுக்குப் போகும். போன மாசம் ஒரு லாரி பிரேக் போட்டு நின்னுச்சு, நடுவுல ஒரு முழம்தான் இடைவெளி. ஓனரம்மா முடிவே பண்ணிட்டாங்க, இது திருந்தாத ஜென்மம், சனிக்கிழமை அடிமாட்டு வண்டியில ஏத்திடலாம்னு. பால் கறக்கிற அண்ணனும், பிறவிக் குணம் எங்க போகும்னு ஒத்து ஊதினாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு.

செவ்வாய்க்கிழமை முழுக்க அது பின்னாடியே சுத்தினேன். படிக்கிறப்ப வராத பொறுமை எங்க இருந்துதான் வந்துச்சோ. வேலி ஓரமாவே நடக்குது. ஒவ்வொரு தூணையும் கழுத்தால ஒரு அழுத்து. ஆடலைன்னா கோவப்படாம அடுத்ததுக்குப் போயிடுது. திடீர்னு தூரத்துல ஒரு நீலக் கயித்தைப் பாத்துச்சு. நேரா அங்க போய் ரெண்டு முட்டு, வெளிய.

அந்தக் கயிறு நான் கட்டினது. கம்பி அறுந்த இடத்துல எல்லாம் புதுக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு நைலான் கயித்தால முடிச்சுப் போட்டு வெச்சிருந்தேன், பதினேழு இடத்துல. இதுதான் வாசல்னு மாட்டுக்கு நானே போர்டு மாட்டின மாதிரி. ஓனரம்மாகிட்ட போய், தப்பு மாட்டு மேல இல்ல, என் மேலதான்னு சொல்லிட்டேன். நல்லா முறைச்சாங்க. வண்டி வர்றது வரட்டும், அதுக்குள்ள வேலியைச் சரி பண்ணு, உள்ளேயே நின்னுச்சுன்னா பாக்கலாம்னாங்க.

மூணு நாள். ஆடின தூணைப் பிடுங்கி, ஆழமாக் குழி தோண்டி, கல்லைப் போட்டு இடிச்சு நட்டேன். ஒத்து ஊதின அண்ணனே வந்து கடப்பாரையைப் பிடிச்சாரு. நீலக் கயித்தை எல்லாம் அவுத்துட்டு, சுண்டினா டொய்ங்னு கேக்குற வரைக்கும் புதுக் கம்பியை இழுத்துக் கட்டினோம். கை ரெண்டும் உரிஞ்சு போச்சு.

சனிக்கிழமை வண்டி வந்து நின்னுச்சு. ஓடுகாலி வழக்கம்போல ஒரு ரவுண்டு கிளம்பி, பழைய இடம் ஒண்ணு விடாம முட்டிப் பாத்துச்சு. கடைசியாப் பதினேழாவது இடத்துக்கு வந்துச்சு. அழுத்துச்சு. மறுபடியும் அழுத்துச்சு. அப்புறம் அந்தத் தூண்லயே முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு, படுத்து அசைபோட ஆரம்பிச்சிடுச்சு. வண்டிக்காரர் ஒரு டீயைக் குடிச்சிட்டு காலி வண்டியோட போயிட்டாரு. இன்னையோட பன்னெண்டு நாள், உள்ளதான் இருக்கு. பேரை மாத்தணும்னு எல்லாரும் பேசிக்கிறாங்க.

இவ எத்தனை நாளைக்கு அங்க இருப்பான்னு பாக்கலாம்னு சொன்னீங்களாம், அம்மா சொன்னாங்க. நியாயம்தான். பஸ் பண்ணை வாசல்லயே நிக்கும், உங்க முட்டிக்குக் கஷ்டமில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை வாங்கப்பா. எந்தத் தூணா இருந்தாலும் சரி, நீங்களே உங்க கையால அழுத்திப் பாருங்க.

உங்க பொண்ணு