அப்பா பீடி குடிக்கவில்லை

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் பிள்ளை கேஷானி மூன்று பேரும் சுகம். குவைத் வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். ஓப்பநாயக்க கடை ஸப்வான் தம்பி அங்கே வேலைக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுப் பேச்சு மூன்று வீட்டுக்குக் கேட்கும், இது எல்லாரும் கேட்கிற பேச்சு இல்லை.

பகலில் கேஷானியை விடுகிற பிள்ளைக்காம்பராவில் டாக்டர் மிஸ் வந்து சிறுசுகளின் சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாரே, அந்த முடிவு வந்துவிட்டது. பீடி சிகரெட் புகை உடம்புக்குள் போனால் அது கொட்டினின் என்று ஒன்றாக மாறி சிறுநீரிலும் எச்சிலிலும் தெரியுமாம். நம் கேஷானிக்கு அது கூடுதலாக இருக்கிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்படி இருந்தால் பிள்ளையை எம்பிலிப்பிட்டியவில் உன் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று நீ சொன்னதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு மூச்சு இழுப்பு வந்ததிலிருந்து பீடியைத் தொடவில்லை என்று அப்பா சத்தியம் பண்ணியதை நீயும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. சட்டைப் பை, கம்பளி எல்லாம் உதறிப் பார்த்தேன். மனுசன் நேரே அந்த டாக்டர் மிஸ்ஸிடம் போய், என் எச்சிலையும் பாருங்க மிஸ் என்று வாயைத் திறந்து நின்றிருக்கிறார். பார்த்தால், குடிக்கிற ஆளுக்கு இருக்கிற அளவு அவருக்கு இல்லையாம், அடுத்தவர் புகையை இழுக்கிறவருக்கு இருக்கிற கொஞ்சம்தானாம்.

அப்புறம் மிஸ் நம் வீட்டுக்கே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டு மூக்கையா மாமா முன்பெல்லாம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துதான் பீடி குடிப்பார். பீடியை விட்ட வேகத்தில் நம் அப்பாதான், இங்க பிள்ளை இருக்கு, உள்ள போய் குடிங்க மச்சான் என்று அவரை விரட்டினார். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாதது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு குடித்த புகையெல்லாம் சுவருக்கு மேலால் வந்து பிள்ளை படுக்கிற இடத்தில் இறங்கியிருக்கிறது. இப்போது அப்பாவும் மாமாவுமாகச் சேர்ந்து மேலே பலகை அடித்து அடைத்துவிட்டார்கள். மாமா மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போகிறார், பார்க்கச் சிரிப்பாகவும் பாவமாகவும் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி பார்ப்பார்களாம். அதுவரைக்கும் பிள்ளையை அனுப்பச் சொல்லாதே மகள். அப்போதும் குறையாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஒன்றை மட்டும் மறக்காதே. எச்சில் முடிவு வந்த அன்றைக்கு நான் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. எம் பேச்ச நம்பல, எச்சிய நம்புறீங்க என்று மட்டும் சொன்னார். நீ போன் எடுக்கிற நேரத்தில் அவர் வெளியே எழுந்து போவது அதனால்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசாதே, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். பிள்ளையைப் பற்றி அப்புறம் கேட்கலாம், முதலில் அவர் சாப்பிட்டாரா என்று கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
அழகம்மா