மல்லிச்செடித் தொட்டியில் முளைத்த மாத்திரை

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் ஆசையாகக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று அங்கே எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சின்ன மகன் சேகரைப் பற்றிப் பேச உங்களை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

கண்மூடும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "மாத்திரைய கையில குடுத்துட்டு நீ பாட்டுக்கு அடுப்பாண்ட பூடுவ. அவன் முழுங்கமாட்டான். நாக்கத் தூக்கச் சொல்லிப் பாரு." போகிற நேரத்திலும் குறை சொல்கிறீர்களே என்று அழுதுகொண்டே மனசுக்குள் திட்டினேன்.

ஆனால் பயம் எனக்கும் இருந்தது. மனச்சிதைவு என்று வேலூர் டாக்டர் சொன்ன பிறகும், மாத்திரையை நிறுத்தியபோதெல்லாம் பக்கத்து வீட்டுத் தறி தன்னைப் பேர் சொல்லித் திட்டுகிறது என்று சேகர் தெருவில் ஓடியதை நானும் பார்த்தவள்தானே? அப்போது பின்பக்க மல்லிச்செடித் தொட்டியைக் கிளறினால் மாத்திரை மாத்திரையாக வந்ததே!

போன மாதம் வேலூரில் அந்த டாக்டர், நோயாளிகளோடு வந்திருந்த குடும்பத்தாரை எல்லாம் உட்காரவைத்து, "உங்களைப் பொறுத்தவரைக்கும் குணம்னா என்ன?" என்று கேட்டார். உங்கள் பெரிய மகன் எழுந்து, "முழுப் புடவைய தனியா நெய்யணும் சார்" என்றார். இவரே அப்படி நெய்து நான் பார்த்ததில்லை. நீங்கள் இருந்திருந்தால், "கண்ணாலம் ஆகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றிருப்பீர்கள். ஓர் அம்மா, மகள் தானாகத் தலை சீவிக்கொண்டால் போதும் என்றார்.

நான் சொன்னேன்: "கொழம்புல உப்பில்லன்னு என்னோட சண்ட போடறாரு சார். எனக்கு அது போதும்." எதைப் போட்டாலும் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இல்லையா?

டாக்டர் சேகரிடம், "அந்தக் குரல் இன்னும் கேக்குதா?" என்றார்.

"அப்பப்ப கேக்குது சார். அண்ணி பேசிகினே இருக்காங்களா, ஒண்ணும் சரியா காதுல வுழல."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பெரிய மகன்தான் அதிகமாகச் சிரித்தார்.

ஊருக்கு வந்த வாரமே எனக்குத் தலை சுற்றியது. ஆரணி டாக்டர், பிரஷர் என்று சொல்லி தினமும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சுற்றல் நின்றதும் அதைப் போடப் பிடிக்கவில்லை. வீட்டில் கேட்டால் சாப்பிட்டேன் என்பேன்.

நேற்று காலை செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன சேகர் என் முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையில் மண் ஒட்டிய என் மாத்திரைகள்.

"இன்னா அண்ணி இது?"

"நான் நல்லாத்தானே கீறேன் சேகரு, எதுக்கு மாத்திர?"

"நானும் அதத்தான சொன்னேன்? அம்மா வுட்டாங்களா?"

புது மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். விழுங்கினேன். அவர் நகரவில்லை.

"நாக்கத் தூக்குங்க அண்ணி."

தூக்கினேன் அத்தை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. தலையில் தட்டியதும் அவர்தான்.

எனக்கப்புறம் அவனை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனீர்களே, என்னை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

இனி காலையில் இருவரும் எதிரெதிரே நின்று விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொள்வோம். தொட்டிக்குத் தண்ணீர் மட்டும்தான். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் கடைசிவரை நம்பாத, உங்கள் ஒரே மருமகள்
கஸ்தூரி