ஏற்கெனவே வந்த புகார்

வெண்டெல்,

பீன்ஸ் சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக் குடி.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இலவசப் பறவைச் செயலியைச் சோதித்துப் பிழைகளைச் சொல்லச் சேர்ந்தாய். உன் முதல் புகாரையே "ஏற்கெனவே வந்ததுதான்" என்று மூடிவிட்டார்கள். நேற்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

பனியில் பின்கதவு இறுகிக்கொள்கிறது என்று நான் சொன்னால் மட்டும், "அதான் போன குளிருக்கே சொல்லிட்டியே, டோரீன்!" என்கிறாய். சொன்னேன். சரி செய்தாயா? "எனக்கு நல்லாத்தானே திறக்குது" என்றும் ஆரம்பிக்காதே. கையில் குப்பைப் பையோடு திறந்து பார்.

மாலை என் தம்பி ரஸ் கதவோரத்தைச் சீவ இழைப்புளியோடு வருகிறான். அவனுக்கு யோசனை சொல்லாதே, கதவைப் பிடித்துக்கொள்.

டோரீன்

பி.கு.: உன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. இதுவும் ஏற்கெனவே சொன்னதுதான். மூடிவிடாதே.