அப்பா இருக்கும் படங்கள்

அஷார், பஸ்ரா
வியாழக்கிழமை

அன்பு மகள் மைசூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் யூனுஸும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க இறைவன் அருள வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ கேள்வி கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். நீ பிறந்த நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

பக்கத்து வீட்டு ஹஸ்னாவின் தங்கை அடுத்த வாரம் மால்மோவுக்கு வருகிறாள். அவளிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். காய்ந்த எலுமிச்சையும் ஒரு போத்தல் பேரீச்சம் பாகும் மேலே இருக்கும். அடியில் சோப்பு டப்பாவுக்குள் மெமரி கார்டு இருக்கிறது. நீ கேட்ட குடும்பப் படங்கள், இருநூற்றுப் பதினாறு. கார்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடு.

கடைக்காரன் ஒரு படத்துக்கு ஆயிரம் தினார் கேட்டான். என் ஓய்வூதியத்தில் பாதி அவனுக்கே போயிருக்கும். அதனால் நீ சொன்ன வழியிலேயே செய்தேன். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் போனைக் குப்புற வைத்து, கீழே படத்தை வைத்தேன். சுருண்ட படங்களின் மேல் அலமாரிக் கண்ணாடித் தட்டைக் கழற்றி வைத்தேன். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. அதை மறைக்கக் கறுப்புத் துணி வேண்டும் என்றாயே, என் அபாயாவைத்தான் ஹஸ்னா இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது நாள். "பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள கையத் தூக்கி நிக்க வச்சது பத்தலையா டீச்சர், கெழவி என்னையும் நிக்க வைக்கிறியே" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். படங்கள் பறக்கும் என்று மின்விசிறியையும் போடவில்லை. பசைத் தாளோடு ஒட்டிக்கொண்ட படங்களைத் தையல் நூலால் அறுத்து அறுத்து எடுத்தேன். ஒன்றுகூடக் கிழியவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆல்பம் எல்லாம் தொண்ணூற்றொன்றாம் வருடக் கலவரத்தில் எரிந்துவிட்டது என்று பொய் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். போன மாதம் சுவரில் ஈரம் ஏறியபோது, ஆல்பம் இருந்த பெட்டியை நகர்த்தினேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.  உடனே, "அப்பா இருக்கிற படத்த மொதல்ல அனுப்பும்மா. நான் அவர் மூஞ்சியையே பாத்ததில்ல. யூனுஸ் யார மாதிரின்னு இங்க யாருக்கும் தெரியல" என்றாய். ஏன் மறைத்தாய் என்று நீ கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா இருக்கும் படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் அவர் முகம் இல்லை. கல்யாணப் படத்தில் கோட்டு இருக்கிறது, டை இருக்கிறது, என் கையைப் பிடித்த கை இருக்கிறது. டைக்கு மேலே சதுரமாக ஒரு ஓட்டை. முதல் தடவை எடுத்தபோது அந்த ஓட்டை வழியே மேசை விரிப்பின் ரோஜாப்பூ தெரிந்தது. ஹஸ்னா சிரித்துவிட்டாள், சிரித்த வாயோடு அழவும் ஆரம்பித்துவிட்டாள். பிறகு அடியில் வெள்ளைத்தாள் வைத்து மறுபடி எடுத்தேன். வெட்டியது யார் என்று யாரையும் சந்தேகப்படாதே. நான்தான், நகம் வெட்டும் கத்தரிக்கோலால்.

ராணுவத்தில் போயிருந்த அவர் ஃபாவ் சண்டையில் காணாமல் போனபோது நீ ஐந்து மாதமாக என் வயிற்றில் இருந்தாய். அவர் பெயரைப் பதியப் போன அலுவலகங்களில் முகம் மட்டும் தெரிகிற படம் கேட்டார்கள். தனிப்படம் இரண்டுதான் இருந்தது. இரண்டும் அந்த வருடமே போயின. படம் எடுத்த ஸ்டூடியோவில் குண்டு விழுந்து நெகட்டிவும் போயிற்று. அதன் பிறகுதான் கூட்டாக எடுத்த படங்களில் கை வைத்தேன். நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். அந்தக் காலத்து நகல் புகை படிந்த மாதிரி வரும், அதைப் பார்த்து யாருக்கு அடையாளம் தெரியும்? அசலைக் கொடுத்தால்தான் ஆள் கிடைப்பார் என்று நினைத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இதில் தப்பாகப் போட்டுவிட்டேன்.

போர் முடிந்து கைதிகள் பேருந்துகளில் திரும்பி வந்தபோது உனக்கு நாலு வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். எல்லாப் பெண்களும் ஜன்னல்களுக்குப் படங்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நீட்டியதை ஒருவன் வாங்கிப் பார்த்தான். "இவர எங்கயோ பாத்திருக்கேங்க்கா, இருங்க, பின்னாடி கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து உள்ளே போனான். பேருந்து நகர்ந்துவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருநாள் வந்து கதவைத் தட்டுவான் என்று பத்து வருடம் காத்திருந்தேன். கடைசி முகத்தை நீ பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம் கொடுத்தேன், பாலைவனத்தில் புதைகுழி தோண்டுகிற இடத்தில். எலும்பை அடையாளம் காணப் படம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அவர் இறந்துவிட்டார் என்று யாரும் எழுதித் தரவில்லை. அதனால் விதவை இருக்க வேண்டிய இத்தா நான் இருக்கவில்லை, துக்கக் கறுப்பும் கட்டவில்லை. ஒவ்வொரு முகத்தை வெட்டும்போதும் எனக்கு ஒரே தைரியம்தான். படம் போனால் என்ன, அவர் முகம் எனக்கு மனப்பாடம்.

ஓட்டையை உனக்கு அனுப்பக்கூடாது என்று ஹஸ்னா ஒற்றைக்காலில் நின்றாள். "மார்க்கெட்ல ஒருத்தன் கம்ப்யூட்டர்ல மூஞ்சி வரைஞ்சு ஒட்டித் தர்றானாம். நீ சொல்லச் சொல்லப் போடுவானாம். வா, போவோம்" என்று போன சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனாள். நல்ல மனிதன், உட்காரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தான். முதலில், அவருடைய அண்ணன் தம்பி படம் இருக்கிறதா என்றான். அவர் ஒற்றைப் பிள்ளை என்றேன். "சரி, மூக்கு நேரா இருக்குமா, வளைஞ்சிருக்குமா அம்மா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை மைசூன். மீசை இருந்தது என்றேன். அந்தக் காலத்தில் யாருக்குத்தான் மீசை இல்லை? அவன் பொறுமையாகத் திரையில் ஒவ்வொரு மூக்காக, ஒவ்வொரு புருவமாக வைத்துக் காட்டினான். எதைப் பார்த்தாலும் இதுதான் என்று தோன்றியது, உடனே இது இல்லை என்றும் தோன்றியது. கதவைத் திறக்கும்போது அவர் தொண்டையைச் செருமுவது இப்போதும் காதில் கேட்கிறது. செருப்பைக் கழற்றுகிற விதம் தெரிகிறது. முகம் மட்டும் வரவில்லை. "பரவாயில்லம்மா, ஞாபகம் வந்தப்புறம் வாங்க" என்று அவன் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.  வீட்டுக்கு வந்து ஓட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அவரைத் தேடுகிறேன் என்று நானே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். உனக்கு வைக்கவில்லை, எனக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பதினொரு படங்களும் கார்டில் கடைசியில் இருக்கின்றன. அவர் கையைப் பார். அதே நீளச் சுண்டுவிரல் உனக்கும் இருக்கிறது.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. ஆனால் இதைப் படித்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடாதே. அன்று வீடியோவில் கூப்பிட்டு எனக்காக ஒரு வேலை செய். யூனுஸை ஜன்னல் பக்கத்தில் உட்கார வை. வீட்டு விளக்கை அணைத்துவிடு, வெளிச்சம் ஒரு பக்கமாக வரட்டும். படம் எடுக்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். அவன் ஓடிவிடாமல் இருக்கக் கையில் ஏதாவது தின்னக் கொடு. முகத்தை மெதுவாக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பச் சொல். நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். இத்தனை நாள் அவனைப் பேரன் என்று மட்டும்தான் பார்த்தேன்.

அவன் யாரைப் போல என்று கேட்டாய் அல்லவா, மகளே? கொஞ்ச நேரம் பார்க்க விடு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் முகத்தை வல்ல இறைவன் காப்பாற்றி வைக்கட்டும்.

உன் அம்மா
பத்ரியா