இரண்டு பேருக்குப் போட்ட அறை

பனிமய மாதா துணை

லூர்தம்மாள்புரம்,
தூத்துக்குடி.
மே 28

அன்புள்ள அனிஷா அப்பாவுக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பீர்கள். எழுத்தில் பொய் சொல்ல உங்களுக்கு வராது.

ஜெபசீலன் ஜூன் மூன்றாம் தேதி சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். வீட்டுக்கு வந்து, அண்ணனுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். கருப்பட்டியும் மக்ரூனும் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதம், கிளம்புகிற அன்று வந்து வாங்கிக்கொள்வார். இந்தக் காலத்தில் யார் தாளில் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். போனில் நாம் பேசுகிற நேரத்தில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. மேலும், பிளாரன்ஸ் மதினி வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும்.

நீங்கள் போட்ட அறையில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். லீவுக்கு வந்ததும் நாலு பேரும் தங்கலாம் என்று ஜனவரியிலேயே நீங்கள் கப்பலில் இருந்து பதிந்தது. உங்கள் கான்ட்ராக்ட் நீண்டுவிட்டது, பதிந்ததை ரத்து செய்ய முடியாது என்றார்கள், "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற ஓட்டலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போவது எனக்கே விநோதமாக இருந்தது. ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனுக்கா பஸ் ஸ்டாண்டுக்கா என்று கேட்டார். ஓட்டல் பெயரைச் சொன்னதும் திரும்பி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்.

உள்ளே போனதும் கழுத்தில் பாசிமாலை போட்டு, நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். "சார் பின்னால வர்றாங்களா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அறை இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்று பதிவாகியிருக்கிறது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, "சாயங்காலம் வருவாங்க" என்று சொல்லிவிட்டேன். அறையில் எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. இரண்டு வெள்ளை அங்கி, இரண்டு சோடிச் செருப்பு. மேசை மேல் ஒரு கேக், அதில் ஃபிராங்க்ளின், ஹில்டா என்று சாக்லேட்டில் எழுதியிருந்தார்கள். கல்யாண நாள் என்று நீங்கள் பதியும்போதே சொல்லியிருந்தீர்களாமே. எனக்குச் சொல்லவே இல்லை. உங்கள் பெயர் இருந்த பக்கத்தை ஜெனிஸ் தின்றான். மறுநாள் வரைக்கும் ஒவ்வொருவராக வந்து சார் எப்போ வர்றாங்க என்று கேட்க, அனிஷா நேராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா கப்பல்ல இருக்காங்க. வர மாட்டாங்க." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆறாவது மாடி. ஒரு பொத்தானை அமுக்கினால் திரை தானாக விலகுகிறது, முழுக் கடலும் உள்ளே வந்து நிற்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான், ஆனால் மேலே இருந்து பார்த்தது இல்லை. முயல் தீவு ஒரு பாய் அகலம்தான் தெரிகிறது. மாதாவின் பெரிய கோவில் கோபுரம் நம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. அதன் உச்சியில் புறாக்கள் வரிசையாக இருப்பதைக் கீழே இருந்து இத்தனை வருஷம் நான் பார்த்ததே இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிக் கிடந்தன. ஜெனிஸ் எண்ணப் பார்த்து, நடுவில் விட்டு, மறுபடி முதலில் இருந்து எண்ணினான்.

அறையில் நான் திறக்காத இழுப்பறை கிடையாது. குடை, இஸ்திரிப்பெட்டி, ஊசிநூல், பூட்டுப் போட்ட குட்டி இரும்புப் பெட்டி. கதவு எப்படி ஒரு அட்டைக்குத் திறக்கிறது, இத்தனை படுக்கை விரிப்பையும் எங்கே துவைக்கிறார்கள், மிச்சப்பட்ட இட்லியை என்ன செய்கிறார்கள் என்று வந்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அனிஷாவுக்கு வெட்கம். "அம்மா, நம்ம தங்க வந்திருக்கோமா, பாக்க வந்திருக்கோமா?" என்றாள்.

இரண்டாம் நாள் காலையில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடந்தார்கள். எனக்குச் சமையல் இல்லை, துணி இல்லை, பெருக்க இடம் இல்லை. நான் விரித்த போர்வையைக்கூட ஒருவர் வந்து மறுபடி விரித்துவிட்டுப் போனார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், ஜன்னலுக்குப் போனேன். அப்போதுதான் போன லீவில் நீங்கள் வீட்டில் இருந்த மூன்று மாதம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நீங்கள் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பூட்டியது. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது எனக்கு வருத்தம். சொல்லவில்லை. அது வீடு பிடிக்காததால் இல்லை என்று இந்த ஓட்டலில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று மத்தியானச் சாப்பாட்டில்தான் எல்லாம் தொடங்கியது. சாப்பாட்டு அட்டையில், "இன்று காலை தூத்துக்குடிக் கடலில் பிடித்த விளமீன்" என்று அழகாகப் போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கச்சான் காற்று பலமாக அடித்ததால் அதற்கு முந்தின மூன்று நாளும் தடை இல்லாத நாட்டுப்படகும் கடலுக்குப் போகவில்லை. அன்று காலையில்தான் போனார்கள், மறுநாள்தான் திரும்புவார்கள். அப்படியானால் இது யார் பிடித்த மீன்? அதைத் தெரிந்துகொள்ளவே வாங்கினேன். மசாலா அருமை. ஆனால் முள்ளைத் தொட்டதும் சதை ரவை மாதிரி உதிர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மகன்தான், "அம்மா, இது ஐஸ் மீனு" என்று அந்தக் கூடமே கேட்கச் சொன்னான். பக்கத்து மேசையில் பெங்களூர்க்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சமையல் தலைவரே வந்துவிட்டார். பெயர் கிருபாநிதி, சேலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். பச்சை மீன் வெந்தால் இதழ் இதழாகப் பிரியும் என்று சொன்னேன். படகு போகாத நாள் கணக்கையும் சொன்னேன். "ஆட்டுக்கறின்னா தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன். மீனை இந்த ஊருக்கு வந்து ஆறு மாசமா பெட்டியிலதான் பார்க்கறேன். கொண்டுவர்றவர் சொல்றதுதான் எனக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கே அந்த அட்டையை எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த மனிதரின் நேர்மை எனக்குப் பிடித்தது. யோசிக்காமல், நாளைக் காலை ஆறு மணிக்குத் தெரேஸ்புரம் கரைக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

புதன்கிழமை காலை ஓட்டல் காரில் நான், பிள்ளைகள், அவர். கரையில் இறங்கியதும் மரியான் மாமா பார்த்துவிட்டார். என் அப்பாவோடு சேர்ந்து ஏலம் கூறியவர், இப்போது தனியாகக் கூறுகிறார். "ஏளா ஹில்டா, அப்பா அடக்கத்துல பார்த்த மொகம். இங்கன வர இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் காட்டத்தான் போனேன், இது சத்தியம். செவுளைத் தூக்கிப் பார்க்க, வயிற்றை அமுக்கிப் பார்க்க, தூண்டில் மீனுக்கும் வலை மீனுக்கும் வித்தியாசம் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். ஒரு குவியல் விளமீன் ஏலத்துக்கு வந்தது. கிருபாநிதி ஆசையாகக் கையைத் தூக்கினார். மறுபக்கம் ஒரு வியாபாரி ஏற்றினார். இவர் திகைத்து என்னைப் பார்த்தார். அப்போது என் வாய் தானாக அதற்கு மேல் விலை கேட்டுவிட்டது.

அதற்கு முன்னால் குவியலுக்கு அடியில் கையை விட்டு ஒரு மீனை உருவிப் பார்த்தேன். மேலே கிடந்தது மாதிரியே அடியிலும் கண் தெளிவாக இருந்தது. மரியான் மாமா சிரித்தார். "பதிமூணு வருசம் ஆச்சு, கை மறக்கல பாரு" என்றார். ஏலம் எனக்கு விழுந்தது. பிறகு ஊளி மீனும் நண்டும் வாங்கினோம். ஜெனிஸ் ஒரு நண்டுக்குப் பேர் வைத்துவிட்டதால் அதை மட்டும் கடலில் விட வேண்டியதாகிவிட்டது.

அடுக்களைக்குள்ளும் என்னைக் கூட்டிப் போனார்கள். தலைக்கு வலை, காலுக்கு உறை. மீனுக்கு மட்டும் தனியாக ஒரு குளிர் அறை, மீன் வெட்டுவதற்கு மட்டும் நீலப் பலகை. அந்தப் பலகையில் கோழியை வைத்தால் வேலையே போய்விடுமாம். இப்படிக் காப்பாற்றுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்த மீன் அப்படியா இருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மத்தியானம் அந்தப் பெங்களூர்க்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அந்த அம்மாள் என் மேசைக்கு வந்து, நேற்று சாப்பிட்டது என்ன, இன்று சாப்பிட்டது என்ன என்று கேட்டார். நேற்றும் மீன்தான், இன்றும் மீன்தான் என்று சொன்னேன்.

கிளம்புகிற அன்று ஆள் எடுக்கிற அதிகாரி கூப்பிட்டார். அனுசியா என்று பெயர், எட்டயபுரத்துப் பெண், மீன் தொடாதவள். தினமும் காலை ஆறு மணியில் இருந்து பத்து மணி வரை, கரைக்குப் போய் மீன் பார்த்து வாங்கித் தர வேண்டும், வருவீர்களா என்று கேட்டாள். தாளிலும் போட்டுக் கொடுத்தாள். ஜூன் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நாங்கள் வீடு வந்து சேருவதற்கு முன்னால் சேதி லூர்தம்மாள்புரம் வந்துவிட்டது. பிளாரன்ஸ் மதினி போன் செய்தார்கள். "ஏளா, தம்பி கடல்ல கெடந்து ஒழைக்கான். நீ ஓட்டல்ல தங்கிக்கிட்டு ஏலத்துல நிக்கியா? அவனுக்குத் தெரியுமா?" என்றார்கள். நானே எழுதுகிறேன் மதினி என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான முதல் மாதம், சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். "கப்பல்காரன் பொண்டாட்டி ஏலத்துல நின்னா நாலு பேரு என்னைய என்ன நெனைப்பான்?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் சரி என்றேன். மறுநாளில் இருந்து அப்பா ஒற்றை ஆளாகப் போனார், ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று நானும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் என் கை எங்கே இருக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் ஐந்து நாள் தள்ளிப் போட்டேன்.

இன்னொன்று. ஜெபசீலன் மேல் கோபப்படக் கூடாது. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவருக்கு நினைப்பு. காப்பி குடித்துக்கொண்டே, "அண்ணனுக்குப் பதில் ஆள் ரெடியாத்தான் இருந்தாரு மைனி. அண்ணன்தான் இன்னும் ஆறு மாசம் இருக்கேன்னு எழுதிக் குடுத்தாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் காப்பி இறங்கவில்லை. நான் மக்ரூன் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மதினியிடம் சொல்லப் போவதும் இல்லை.

ஏன் என்று கேட்க மாட்டேன். அந்த அறையில் ஒரு காலை நேரம் சும்மா உட்கார்ந்தவளுக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் நீங்கள் இங்கே வந்து சும்மா இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தெரேஸ்புரத்தில் இருந்து பெட்டியைக் காருக்குத் தூக்குவதற்கே எனக்கு ஒரு ஆள் வேண்டும். அனிஷா எட்டாம் வகுப்புப் போகிறாள். எனக்குத் தெரியாத பாடக் கணக்கை எல்லாம் என்னிடம் கேட்கிறாள். ஜெனிஸ் ஜன்னலில் நின்று அத்தனை படகு எண்ணினானே, வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்களில் எது அப்பா கப்பல் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருந்திருக்காது.

அந்தத் தாள் மேசை மேல் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன், நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் போட மனம் வரவில்லை. பதினைந்தாம் தேதி வரைக்கும் பேனாவைத் தொட மாட்டேன். என்ன தோன்றுகிறதோ போனில் தட்டியாவது எழுதுங்கள், திட்டுவதானாலும் எழுதுங்கள்.

நவம்பரில் உங்கள் முன்னாலும் மறுபடி ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
ஹில்டா