லிங்கன் பேராலயத்தில் உன் பெயர்

அம்மாவுக்கு வடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இங்கிலாந்தில் நான் சுகம். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? ஒப்புக்குக் கேட்கவில்லை, மறைக்காமல் சொல்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் டோரீனும் நானும் லிங்கன் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே பேராலயத்தைச் சுற்றிப்பார்க்கச் சீட்டு எடுக்க வேண்டும். ஜெபிக்க வருகிறவர்களுக்கு இலவசம். வாசலில் நின்ற பெரியவர், "சுத்திப் பாக்கவா, ஜெபம் பண்ணவாம்மா?" என்றார். ஜெபத்துக்கு என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்காக?"

"அம்மாவுக்கு. உடம்பு சரியில்ல."

அவர் உன் பெயரைக் கேட்டுக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் பாதிரியார், "நோயுற்றிருக்கும் இசக்கியம்மாளுக்காக" என்று உரக்கச் சொல்ல, அங்கிருந்த அத்தனை பேரும் தலை குனிந்தார்கள்.

"ஓசியில நுழைய அம்மாவையே படுக்க வச்சிட்டியேடி," என்று டோரீன் என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு வயதான பெண்மணி என் கையைப் பிடித்து, "கவலப்படாத கண்ணு, நாளைக்கும் வந்து அவங்களுக்காக வேண்டிக்கிறேன்," என்றாள்.

நீ உடனே டாக்டரைப் பார். மருந்துச் சீட்டைத் தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. "தலை சுற்றுகிறது, ஒருநடை வந்துவிட்டுப் போ" என்று நீ கூப்பிட்டபோது, லீவு கிடைக்கவில்லை என்றேன். கிடைத்தது அம்மா. அந்த லீவில்தான் லிங்கன் போனேன்.

வடிவு